ஒரே ஒரு விண்ணப்பம்

கல்லூரிச் சேர்க்கை மாதம் வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. சேலத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் விண்ணப்பம் சரிபார்க்கும் மேசை என்னுடையது. போன வாரம் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு பெண் வந்து மதிப்பெண் பட்டியலை நீட்டினாள். தாளில் மிளகு வாசனை. மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள் போல. அதற்குப் பிறகு மூன்று முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பூங்கொடியின் புத்தகப் பையிலும் இதே வாசனைதான். கொல்லிமலை மேல்நிலைப் பள்ளியில், ப்ளஸ் டூவில், என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அந்த வருஷம் ஆடி மாதமே இயற்பியல் வாத்தியார் மாற்றலாகிக் கீழே போய்விட்டார். அவர் இடத்துக்குக் கடைசிவரை ஒருவரும் வரவில்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு யார் ஏறி வருவார்கள்? மலையில் பிறந்த நானே இன்றைக்கும் புளிப்பு மிட்டாய் இல்லாமல் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை.

பூங்கொடிதான் பாடம் எடுத்தாள். முதல் நாள் படித்துவிட்டு வந்து மறுநாள் கரும்பலகையில் போடுவாள். சில இடங்களில் நின்று, "இது எனக்கே வெளங்கல, நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்பாள். சொல்லியும் விடுவாள். ஓம் விதியை மட்டும் எனக்கு நாலு தடவை சொன்னாள். நான் தேறியது அவளால். அவள் மதிப்பெண் என்னுடையதைவிட எவ்வளவோ அதிகம்.

கல்லூரிக்கு எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சேந்தமங்கலத்தில் கடை வைத்திருந்த என் மாமன் பேப்பரில் பார்த்து ஒரு விண்ணப்பம் வாங்கி வந்தார். பூங்கொடி வீடு இரண்டு மேடு தாண்டி. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். இடம் குறைவு என்று மாமன் சொன்னது காதிலேயே இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது வந்தாள். கடைசித் தேதி போயிருந்தது. ஃபாரம் யார் வாங்கித் தந்தது என்று கேட்டாள். மாமன் என்றேன்.

"ரெண்டா வாங்கியாரச் சொல்லியிருக்கலாமல்ல, புள்ள."

குரலில் கோபம் இல்லை. பெட்டியை அவளே பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அந்த மாதமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் மலை ஏறினேன். எடப்புளி நாட்டில், கட்டிக்கொடுத்த ஊரில், மரவள்ளி போட்டிருக்கிறாள். பள்ளிக்கு இப்போது இயற்பியல் டீச்சர் வந்துவிட்டதாகவும், விண்ணப்பமெல்லாம் போனிலேயே போட்டுவிடுகிறார்கள் என்றும் அவளே சொன்னாள். நான் மறந்து சொல்லாமல் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன் என்றேன்.

கிழங்கிலிருந்த மண்ணைத் தட்டினாள். "அன்னைக்கே தெரியும்."

அவள் எடுத்த அந்தப் பாடமெல்லாம் நினைவிருக்கிறதா என்று கேட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே தேடினாள்.

"போர்டுல எழுதுனது ஞாபகம் இருக்குது. என்ன எழுதுனேன்னுதான் இல்ல."