கீழ்க் கணக்குக்குப் போட்ட சரி

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பேர். பிள்ளை மடுவத்தில் வளர்த்தவர்களை எண்ணிச் சொல்ல முடியாது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளை மடுவம். பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் கணக்கு மடுவத்துக்கு நான் ஆயா. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்றுதான் சொல்வோம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் மடுவ வேலை முழுவதையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தவள் நான்தான். இதை இன்றும் நிமிர்ந்து நின்று சொல்வேன். பால்மா கரைப்பது, தொட்டில் கட்டும் உயரம், சொறி வந்த பிள்ளையைப் படுக்கவைக்கும் இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். நான் காய்ச்சலில் கிடந்தாலும் வேறொருத்தி அதைப் பார்த்து மடுவத்தை நடத்திவிடலாம். கேட்டவர்களுக்கெல்லாம் பார்த்தெழுதக் கொடுத்தேன். நடுக் கணக்கு ஆயா எழுதிக்கொண்டாள், கீழ்க் கணக்கு ஆயாவும் எழுதிக்கொண்டாள். மாற்றம் சொல்லவும் யாருக்கும் தடையில்லை. ஆனால் அது முதலில் என் கொப்பியில் ஏற வேண்டும். பழைய வரியை அழிக்க மாட்டேன். ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் புதியதை எழுதுவேன். யார் சொன்னது, என்றைக்கு என்பதையும் எழுதுவேன். பிறகு மற்ற இரண்டு ஆயாமாருக்கும் சொல்லிவிட்டு ஆளுக்கொரு சரிக்குறி போடுவேன்.

கீழ்க் கணக்கு ஆயா என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய்க்காரி. தன் கொப்பியில் தொட்டில் பக்கத்தைத் தானாகவே மாற்றிவிட்டாள். அதைப் பார்த்து நடுக் கணக்குக்காரியும் மாற்றினாள். பெரட்டுக் களத்தில் காலையில் ஆட்கள் கூடி நிற்கும்போது கேட்டேன்.

“யாரக் கேட்டுடி மாத்துன?”

“எங்க மடுவத்துக் கூர தணிவுக்கா. ஒங்க அளவுக்குக் கட்டுனா புள்ள தல மரத்துல இடிக்கும். ஒங்க கொப்பி என்ன தொர பங்களாவா, வாசல்ல நின்னு உத்தரவு கேக்க?”

கூடை மாட்டி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

அந்த மழைக் காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் கொடுப்போம். ஒரு ஜக்குத் தண்ணீருக்கு இவ்வளவு உப்பு என்று கொப்பியில் இருந்தது. தோட்டத்து டாக்டர் ஐயா வந்து பார்த்தார்.

“ஜக்குக்கு ஜக்கு வித்தியாசப்படும்மா. போத்தல்ல அளந்து ஊத்துங்க. மத்த ரெண்டு மடுவத்துக்கும் சொல்லிருங்க.”

“சரிங்க ஐயா.”

அன்றே எழுதினேன். நடுக் கணக்குக்குச் சொல்லிச் சரி போட்டேன். கீழ்க் கணக்கின் இடத்தை வெறுமையாக விட்டேன். அவளுடைய ஜக்கு எங்கள் ஜக்கில் பாதிதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவளே வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். பத்து நாள் இருந்தேன்.

பதினோராம் நாள் கீழ்க் கணக்கில் ஒரு வயதுப் பெண் பிள்ளைக்கு வயிற்றோட்டம். அவள் கொப்பியில் உள்ளபடியே, எங்கள் ஜக்குக்கான உப்பைத் தன் ஜக்கில் கரைத்து ஊட்டியிருக்கிறாள். மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்து, லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் டாக்டர் ஐயா எங்கள் இருவரையும் கொப்பியோடு வரச் சொன்னார். புறப்படுமுன் அந்த வெற்று இடத்தில் ஒரு சரி போட்டேன். அந்தக் கொப்பியில் நான் எழுதிய முதல் பொய் அதுதான்.

“கீழ சொல்லச் சொன்னேனே, சொன்னீங்களா?”

கொப்பியை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். அவர் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். “இதுல சரியா இருக்கே. நீங்கதான் ஒங்க இஷ்டத்துக்கு மாத்துவீங்களாமே?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அக்கா, எங்கிட்ட எப்ப சொன்னீங்க?”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பிழைத்தது. அவளை மடுவத்திலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பினார்கள். மழையில் கூடையோடு என் மடுவத்தைத் தாண்டிப் போவாள். உள்ளே பிள்ளை அழுதால் அவள் நடை கொஞ்சம் தயங்கும். பிறகு போய்விடுவாள். சில வருடம் கழித்து மகனோடு மொனராகலைப் பக்கம் போனாள். இன்னும் இருக்கிறாளாம்.

கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அந்தப் பக்கத்தை எடுத்து, சரியின் மேல் ஒரு கோடு கிழித்தேன். பக்கத்தில் எழுதினேன்: சொல்லவில்லை. இதைச் சொல்வது நான். தேதியையும் போட்டேன்.

அந்தப் பக்கமும் இதையெல்லாம் எழுதிய இந்தக் கடதாசியும் மொனராகலைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால், பேத்தி, இங்கே வந்து உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி. போத்தல் அளவை நான் அவளிடம் சொன்னதுபோல எங்காவது தொனித்தால் அங்கேயே நிறுத்து.