கைக்கு நாக்கு முளைத்த தாணுலிங்கம்

“உப்புப் பாக்கதுக்கு நாக்கைத் தேடுதவன் சமையல்காரனே கிடையாதுலே. என் கைக்கே நாக்கு இருக்கு. ஏழு கடல் தாண்டி எந்த நாட்டுக்காரனும் வரட்டும், அவன் காலைப் பலகாரத்தை ஒரு பருக்கைகூட வாயில வைக்காம, அவன் அம்மை போட்ட மாதிரி போட்டுத் தாரேன். என்னைக்காவது நான் ருசி பாத்தேன்னு தெரிஞ்சா, அன்னைக்கே கரண்டியைக் கடல்ல வீசிருதேன்!”

ஆத்தூரில் தங்கை மகன் கல்யாணத்தன்று, முந்நூறு பேருக்கு வெண்பொங்கல் இறக்கி வைத்த கையோடு தாணுலிங்கம் இப்படி முழங்கினார். யாரும் மறுக்கவில்லை. அவர் வாயில் அந்த ஊர் வெற்றிலை நிறைய இருந்தது. எதிரே நின்று மறுத்தவருக்கு வேட்டி மிஞ்சியிருக்காது.

இது வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அதன் பின்னால் ஒரு சாஸ்திரம் இருந்தது. குலசேகரன்பட்டினத்துப் பக்கத்துக் கிராமத்தில், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் படையல் சமைப்பவர்களிடம் தொழில் படித்தவர் அவர். அங்கே வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பொங்க வேண்டும். சாமி சாப்பிடும் முன்னால் மனுசன் நாக்கு பட்டால் எச்சில். அந்தச் சட்டத்தைப் பொங்கலோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்ததும் தாணுலிங்கம் அதை உக்ரைன் வரைக்கும் நீட்டிவிட்டார். சாப்பிட வருகிறவன் சாமி. அவன் மஞ்சள் தலையோடு அரைக்கால் சட்டை போட்டு வந்தாலும் சாமிதான்.

விடுதியில் பன்னிரண்டு ஆண்டுகள். மாலுமிகளிடம் கேட்டும், செல்போனில் பார்த்தும் உலகக் காலைப் பலகாரங்களை எல்லாம் அவர் கரைத்துக் குடித்தார். குடிக்காமலே கரைத்தார் என்பதே பொருத்தம். ஆராய்ச்சியின் முடிவு இது: உலகத்தில் பலகாரம் நாலே வகை. இட்லி, தோசை, உப்புமா, கஞ்சி. வெள்ளைக்காரனின் பான்கேக், சர்க்கரை போட்ட தோசை. சீனாக்காரனின் பாவ், வயிற்றுக்குள் எதையோ ஒளித்து வைத்த இட்லி. மொராக்கோக்காரன் கிண்டுவது உப்புமா. கறிவேப்பிலைக்கு வழியில்லாத நாடு, பாவம். துருக்கிக்காரன் தக்காளித் தொக்கில் முட்டையை உடைத்து ஊற்றுவது மட்டும் இந்த நாலில் அடங்கவில்லை. “அது பலகாரம் இல்ல, தொடுகறி” என்று அவனை ஒதுக்கி வைத்தார்.

ருசி பார்க்காமல் இத்தனை காலம் எப்படி ஓடியது? அயல்நாட்டுச் சமையலுக்கு அவர் பயந்து பயந்து உப்புப் போடுவார். குறைந்தால் என்ன, மேசைமேல் உப்பு டப்பியும் மிளகு டப்பியும் இருந்தன. ஆகவே புகழ் வளர்ந்தது.

போன மாதம்தான் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமிக் கூட்டம் வந்து இறங்கியது. கப்பலில் பெரிய பழுது. காவலுக்கு நாலு பேரை விட்டுவிட்டு மீதிப் பதினெட்டுப் பேர் விடுதிக்கு வந்தார்கள். விடுதி மேலாளர் ஸ்டெபி, இனிகோ நகர்ப் பெண், சமையல்கட்டு வாசலில் நின்று விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

“அண்ணாச்சி, இவங்க மூணு வாரம் தங்கணும். ஆனா பைபாஸ்ல புது ஹோட்டல் திறந்திருக்கான்லா, அவன் கப்பல் ஏஜெண்டைப் பிடிச்சு இழுக்கான். மூணு நாள் இங்கன சாப்பிட்டுப் பாத்துட்டு கேப்டன் முடிவு சொல்லுவாராம். அவங்க போயிட்டா, சமையல்கட்டை மூடிட்டு வெளிய இருந்து ரொட்டியும் ஜாமும் வாங்கிக்கலாம்னு முதலாளி சொல்லுதாரு.”

“ரொட்டியும் ஜாமுமா? அது நோயாளிக்குக் குடுக்கதுல்லாம்மா? நீ போய் நிம்மதியா இரி. நாளைக்குக் காலைல அவனுவ அம்மையை நினைச்சு அழுவானுவ.”

அழவில்லை. தண்ணீர் குடித்தார்கள்.

அவர்கள் கேட்டது அரோஸ் கால்தோ. இஞ்சியும் கோழியும் போட்ட அரிசிக் கஞ்சி. கஞ்சி என்றதும் தாணுலிங்கத்துக்குப் பயம் போய்விட்டது. கஞ்சி நம்ம வகை அல்லவா! பான்கேக்குக்குக் கிள்ளிப் போடுகிற கை, தூத்துக்குடிக் கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டது. கடைசியில், ரோமெல் என்ற மாலுமி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த மூன்று மீன்சாற்றுப் பாட்டிலில் ஒன்றையும் கவிழ்த்தார். அதைப் பெருங்காயம் மாதிரி வாசனைச் சாமான் என்று தீர்மானித்திருந்தார். அது உப்பிலேயே ஊறிப் பிறந்த சாறு என்பதை மூக்கு சொல்லாது, நாக்குதான் சொல்லும். அந்த உறுப்புக்குத்தான் வேலை இல்லையே.

பதினெட்டுக் கிண்ணமும் ஒரு கரண்டி குறைந்து திரும்பி வந்தன. பிலிப்பைன்ஸ்காரர்கள் மரியாதைக்காரர்கள். சிரித்தார்கள், வயிற்றைத் தடவிக் காட்டினார்கள், எழுந்து போனார்கள்.

“கப்பல்ல இருந்து இறங்குனவனுக்கு ரெண்டு நாளைக்கு வயிறு ஆடும்” என்றார் தாணுலிங்கம். மறுநாள் இஞ்சியைக் கூட்டினார். கிண்ணங்கள் அப்படியே திரும்பின. ரோமெல் மட்டும் வாசலில் வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, “குட் சூப், சார்” என்று சொல்லிவிட்டுத் தெருமுனைப் பரோட்டாக் கடையைப் பார்த்து நடந்தான்.

பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த வடிவம்மாள் நிமிர்ந்தாள். அவருடைய மனைவி, அதே சமையல்கட்டில் காய் நறுக்குபவள்.

“நேத்து ரெண்டு கேன் தண்ணி, இன்னைக்கு மூணு. இதுல வயிறு எங்க ஆடுது? வாயில வச்சுப் பாருங்களேன்.”

“ஏளா, என்ன பேச்சு பேசுத? எச்சிலைத் தின்னச் சொல்லுதியா?”

“அப்ப நான் வச்சுப் பாக்கட்டா?”

“யார் நாக்கும் படக்கூடாது. கை தப்பாது.”

“கை தப்பாது. கப்பல்காரன்தான் தப்பி ஓடப் போறான்” என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பதில் சொன்னாலும் கேட்காத அளவுக்குத் திறந்தாள்.

மூன்றாம் நாள் விடியலில் வடிவம்மாள் முட்டை வாங்கப் போயிருந்தாள். தாணுலிங்கம் தனியாக நின்றார். கஞ்சி கொதித்தது. கல்லுப்பு கைக்கு வந்தது. பானைக்கு மேலே போய் நின்ற கை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் திறக்கவில்லை. கையை உதறி உப்பைத் திரும்ப ஜாடியில் போட்டார். வாசலைப் பார்த்தார். பின்வாசலையும் பார்த்தார். முந்தின நாள் மிச்சம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. அதில் அரைக் கரண்டி எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடி வாயில் விட்டார்.

துறைமுகமே உள்ளே போன மாதிரி இருந்தது.

இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு கரண்டியைக் கழுவிவிட்டுப் புதுக் கஞ்சியில் மீன்சாற்றை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு தம்ளரில் எடுத்து, உதடு படாமல் வாயில் தூக்கி ஊற்றிப் பார்த்தார். இன்னும் நாலு சொட்டு. மறுபடி பார்த்தார். இன்னும் இரண்டு. நாலாம் தடவை பார்த்ததற்குத் தொழில் காரணம் எதுவும் கிடையாது. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

எட்டரை மணிக்கு ஸ்டெபி ஓடி வந்தாள்.

“அண்ணாச்சி! கேப்டன் மூணு கிண்ணம் வாங்கிட்டாரு. மூணு வாரமும் இங்கனதானாம், ஏஜெண்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டாரு. என்ன மாயம் பண்ணுனீங்க?”

“கை அளவுதாம்மா” என்றார் தாணுலிங்கம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் போனபோது, விடுதி வேலையாட்களுக்கான சாம்பார் அடுப்பில் தளதளத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக ஊர் உலகமெல்லாம் சப்புக்கொட்டிய சாம்பார். தாணுலிங்கம் கரண்டியை எடுத்து, ஊதி, ஒரு வாய் குடித்தார்.

யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

சத்தம் போடாமல் ஒரு சொம்பு பருப்புத் தண்ணீரைச் சாம்பாரில் ஊற்றிக் கலக்கிவிட்டார்.