கயிறு எடையற்றது எனக் கொள்க

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு சந்துக்குள் நின்று, அண்ணாந்து பார்த்தபடி கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். தேர் இல்லை... பீரோ!

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறார். இன்ஜினீயரிங் காலேஜில் மெக்கானிக்ஸ் நடத்துகிறவர். மகள் காவ்யாவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்குச் சீர்வரிசை எல்லாம் வந்தது, பீரோவைத் தவிர. கடைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். மண்டபத்தில் சம்பந்தியம்மா கேட்டது ஒரே கேள்விதான். "பீரோ எங்க?"

அன்றிலிருந்து காவ்யாவிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். பொண்ணு போனில் அழுகிறாள். எந்த அப்பாவுக்குத்தான் தாங்கும்?

ஆக, இப்போது வாங்கி வந்த இந்த பீரோ சம்பந்தி வீட்டு மாடிக்கு நல்லபடியாக ஏறியே தீர வேண்டும். கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. புதுசாகக் கல்யாணமான வீட்டில் அது உடைந்தால் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாடிப்படி குறுகல். பால்கனி வழியாகத்தான் ஏற்ற முடியும். "கூட நாலு ஆள் கூப்பிடலாமா மச்சான்?" என்றேன்.

"எதுக்கு மாப்ள? கணக்கு போட்டுட்டேன். மொட்டை மாடியில கப்பி. கீழ நாம நாலு பேரு. அசால்ட்டா ஏறிடும்."

அவருடைய கணக்கு எப்படியிருக்கும் தெரியுமா? கயிறு எடையற்றது எனக் கொள்க. நீளாதது எனக் கொள்க. கப்பியில் உராய்வு இல்லை எனக் கொள்க... கொள்க, கொள்க என்று உலகத்துத் தொந்தரவுகளையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் விடை கண்டுபிடிப்பார். விடை அழகாக வரும். ஏன் வராது?

கிண்டல் இல்லை. பாலமும் ராக்கெட்டும் இப்படித் தொடங்கிய கணக்கில்தான் வந்தன. ஆனால் எதை விட்டோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டுமே! லாரியில் ஏற்றியவர்கள், "கனம் ஜாஸ்தி சார்" என்றார்களாம். "உங்களுக்கு டெக்னிக் தெரியல" என்று இவர் பாடம் எடுத்தாராம்.

நான், மச்சான், மாப்பிள்ளைப் பையன், மினி லாரி டிரைவர் — இழுத்தோம். கயிறு வந்தது. பீரோ வரவில்லை. நீளாத கயிறு ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டது. இன்னும் இழுத்தோம். ஒருவழியாகக் கிளம்பியது. பால்கனியை நெருங்கியபோது உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடி நேராகப் பால்கனிக் கம்பியைப் பார்த்துத் திரும்பியது...

"காலி பீரோல என்னா உருளுது?" மச்சான் அலறினார்.

"காலின்னு யாரு சொன்னா?" என்றார் அவர் மனைவி வசந்தா அக்கா. சாவி அவர் இடுப்பில். "பொண்ணு வூட்டுக்கு வெறும் பீரோவையா அனுப்புவாங்க? அரிசி, உப்பு, மஞ்சள், பட்டுப் புடவை, பித்தளைக் குடம், குத்துவிளக்கு எல்லாம் வெச்சுப் பூட்டியிருக்கேன்."

"எங்கிட்ட சொல்ல வேணாமா?"

"நீங்க கேட்டீங்களா?"

கயிறு உள்ளங்கையை அறுக்கிறது. இவர்கள் வழக்கு நடத்துகிறார்கள்!

அதுவரை வாசலில் கை கட்டி நின்ற சம்பந்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நல்ல கனத்த உடம்பு. கயிற்றைப் பிடித்து அவர் தொங்கியதும் பீரோ விறுவிறுவென்று ஏறியது. மேலே சம்பந்தியம்மா கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணையைத் திணித்தார். பையன் மாடிக்கு ஓடினான். காவ்யாவோடு மூன்று பேருமாக உள்ளே இழுத்துப் போட்டார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

நாங்கள் மேலே போனதும் சம்பந்தியம்மா சாவி வாங்கித் திறந்தார். உள்ளே உப்பும் அரிசியும் கொட்டிக் கலந்து கிடந்தன. குடம் கவிழ்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்தவர், காவ்யாவின் தோளைத் தொட்டார்.

"உங்கம்மா நெறைச்சுத்தான் அனுப்பியிருக்காங்க. வெறும் பீரோ வந்திருந்தா எம்மனசு ஆறியிருக்காதும்மா. வா, எல்லாருக்கும் காப்பி போடலாம்."

பொண்ணு முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்கே கண் கலங்கிவிட்டது.

மச்சான் மட்டும் சிவந்த கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார், "பீரோ காலியா இருந்திருந்தா என் கணக்கு கரெக்ட்டா வந்திருக்கும் மாப்ள."

வந்திருக்கும் மச்சான். உங்க பொண்ணுக்குத்தான் அந்தக் காப்பி வந்திருக்காது!