இழுபறி என்று சொன்னார்கள்

முனியாயியின் புருஷன் மூக்கன் காய்ச்சலில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெளியே போய் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: இழுபறியாக இருக்கிறது. மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவளுக்குச் சாவின் இன்னொரு பெயராகிவிட்டது.

கருமாதி முடிந்த கையோடு, அவள் உழுதுவந்த வயல் தன்னுடையது என்று பங்காளி கருப்பையா புதுக்கோட்டைக் கோர்ட்டில் வழக்குப் போட்டான். 1951 ஆடியில் அவள் ஆவுடையார்கோவிலில் பஸ் ஏறிப் போய் விசாரித்தாள். வக்கீல் வீட்டு வாசலில் நின்ற ஒருவர், "ஒங்க கேசா? இழுபறியால்ல கெடக்கு" என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஊர் திரும்பி, வைத்திருந்த விதைநெல்லை அவித்துவிட்டாள்.

புரட்டாசியில் சாட்சிகளின் பேர் எழுதிப்போக வந்தார் வக்கீல் குமாஸ்தா இன்னாசி. தரிசாகக் கிடந்த வயலைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏன் ஆத்தா உழுகலை?"

"அதான் தோத்துப்போச்சே. இழுபறின்னு சொன்னாங்க."

இன்னாசி சிரிக்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இழுபறின்னா இன்னும் முடியலைன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் பிடியை விடலை, அம்புட்டுத்தான். இன்னைக்கி வயல் ஒங்க கையில இருக்கு. நீங்க விட்டா அவுக எறங்கி உழுவாக. அப்பத்தான் தோப்பீங்க."

"வெதைநெல்லை அவிச்சுட்டேனே அய்யா."

நான்காம் நாள் பஸ்ஸில் ஒரு மூட்டை விதைநெல் வந்து இறங்கியது. இன்னாசி தன் மச்சான் வீட்டில் வாங்கி அனுப்பியிருந்தார். மழையும் அந்த வாரம்தான் பிடித்தது.

இரண்டு வருஷம் கழித்து மகள் உண்ணாமலைக்குப் பிரசவம் சிக்கலானது. "இழுபறியாத்தான் இருக்கு" என்றாள் நர்ஸ். கூட வந்தவர்கள் அழத் தொடங்கினார்கள். முனியாயி அழவில்லை. "இன்னும் முடியலைல்ல?" என்று கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது சாயும் முன் பெண் குழந்தை பிறந்தது.

1956இல் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அத்தனை வருஷமும் பயிர் செய்தது அவள்தான் என்று சாட்சிகள் சொன்னது எடுபட்டது. மறுநாளே நெல் மூட்டையோடு இன்னாசி வீட்டுக்குப் போனாள்.

"கேசை ஜெயிச்சது வக்கீல் அய்யா. எனக்கெதுக்கு ஆத்தா?"

"அவுகளுக்கு வேற மூட்டை இருக்கு. இது, நீங்க வரப்புல ஒக்காந்து எனக்கு வெளங்கச் சொன்னீங்கல்ல, அதுக்கு."

இன்னாசி மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி அதற்குள் முறத்தில் நெல்லை அள்ளிப் புடைக்க உட்கார்ந்திருந்தாள்.