கல்வட்டத்தில் வைத்த ஒப்பாரி

அழகுத்தாயை நான் முதலில் பார்த்தது தொலைக்காட்சியில்தான். வானத்திலிருந்து இறங்கிய கற்கள் வட்டமாக நின்று மனித ரத்தம் குடிக்கும் மலையாளத் தொடர் அது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா, அதன் நிலவறையில் காலத்தைத் திருப்பும் இயந்திரம், வௌவால், மூடுபனி. கற்களுக்கு நடுவே தலைவிரி கோலமாக ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். அவள் குரலைக் கேட்டால் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகாது. நேரில் பார்த்தபோது மூணாறு பக்கம் மறையூரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கரும்புச் சக்கை அள்ளிக்கொண்டிருந்தாள். "டிவில வர்ற பேய் நான்தாய்யா" என்றாள். சிரிக்கவில்லை.

படப்பிடிப்பு பழங்காலக் கல்திட்டைகள் நிற்கும் முனியறை மேட்டில் நடந்தது. இருந்த கற்கள் போதாதென்று தெர்மாகோலில் வேறு செய்து நட்டிருந்தார்கள். அழகுத்தாயின் தலையில் மாவைக் கொட்டி நரைக்க வைத்தார்கள். கற்களுக்குப் பலியான கதாநாயகனைப் பார்த்து அவள் அழ வேண்டும். அழுகை வரவில்லை.

"சேச்சி, உங்க ஊர்ல செத்தவங்களுக்கு அழுவீங்கல்ல? அது மதி, அது போதும்" என்றான் படப்பிடிப்பு மேலாளர் ஜிபி.

சாவு வீட்டில் அவள் குரலெடுத்த பிறகுதான் மற்ற பெண்கள் தொடங்குவார்கள். ஆனால் ஒப்பாரிக்குப் பேர் வேண்டும், உறவு வேண்டும். யாரோ ஒருவனுக்கு எப்படி அழுவது? கதாநாயகன் ஒரு கையை நெற்றியில் போட்டுக் கிடந்தான். லாரி ஓட்டிவிட்டு வந்து அவள் மகன் பாண்டி படுப்பதும் அப்படித்தான். வாய் தன்னால் திறந்துகொண்டது.

"நான் பெத்த பாண்டி, நீ
மாலை போடப் போற தோள
மண்ணு திங்கப் போகுதே..."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் தான் சொன்ன பேர் அவளுக்கே உறைத்தது. மண்ணில் துப்பிவிட்டு ஜிபியிடம் ஓடினாள்.

"பேர மட்டும் எடுத்துருங்க சார். உசுரோட இருக்கிற புள்ள. தை மாசம் கல்யாணம்."

"பேரை எடுத்தா பாட்டே போகும் சேச்சி. டைரக்டர் கண்ணே கலங்கிப் போயி. மலையாளம் சீரியல்ல தமிழ்ப் பாட்டு ஆருக்கு மனசிலாகும்?"

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் சூசையப்பன் தேற்றினான். "செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாக. நூறு வருசம் இருப்பான், போக்கா."

"அது ஊரான் சொன்னா. பெத்தவளே சொன்னா?"

சூசையப்பன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

அந்தக் காட்சி டிவியில் வருகிற நாளில் ஐப்பசி மழை அடித்து ஊர் முழுக்கக் கரண்டு போனது. மாரியாத்தாவே கண்திறந்தாள் என்று அழகுத்தாய் விளக்கேற்றிக் கும்பிட்டாள். பாண்டிக்குப் பெண் பேசி முடித்திருந்த சின்னக்கானலில் கரண்டு இருந்தது.

சம்பந்தியாகப் போகிறவர் பேர் சோலை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர், மரியாதை தெரிந்த மனிதர். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"தாயி, நான் குத்தம் சொல்லல. நடிப்புன்னு தெரியும். ஆனா எம்பொண்டாட்டி நேத்திலிருந்து பச்சத்தண்ணி குடிக்கல. பெத்தவ வாயாலயே ஒப்பாரி வச்ச பையன் கையால எம்மக செல்வலட்சுமிக்கு எப்படித் தாலி கட்டச் சொல்றது?"

"என்ன வேணாலும் செய்றேண்ணே. தீ மிதிக்கிறேன்."

"சொன்ன சொல்ல மிதிச்சு அணைக்க முடியுமா தாயி?"

அவள் வாளையாரில் இருந்த பாண்டிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"மாமா, நான் உசுரோடதான் இருக்கேன். பின்னால லாரி ஆரன் அடிக்குது, கேக்குதா? செக்போஸ்ட்ல நிக்கிறேன். பேய்க்கெல்லாம் பெர்மிட் கேக்க மாட்டாய்ங்க மாமா."

சோலைக்குச் சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றது. "கேக்குது தம்பி" என்றார். நேற்றுவரை அவர் வாயில் அவன் மாப்பிள்ளை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். அழகுத்தாய் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

செல்வலட்சுமிக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. பாண்டி சிமெண்டு லோடு ஓட்டுகிறான், ஊருக்கு வருவது குறைந்துவிட்டது. அழகுத்தாய் மறையூரில் தனியாக இருக்கிறாள். மகனுக்கு வேறு பெண் தேடுகிறாள், இதுவரை அமையவில்லை.