எடுத்துவிட்ட அம்புக்குறி

2009-இல் சிதம்பரத்தில் ஒரு சின்ன வெப் டிசைன் கம்பெனியில் வேலை பார்த்தேன். கடலூரில் இருந்த நர்சிங் கல்லூரி ஒன்றுக்கு வெப்சைட் செய்தோம். வேறு சைட்டுக்குப் போகும் ஒவ்வொரு லிங்க்குக்கும் பக்கத்தில், ஒரு சின்னக் கட்டத்தைவிட்டு வெளியே நீளும் அம்புக்குறி ஒன்றை வைத்திருந்தாள் என்னோடு வேலை பார்த்த பெண். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

"எது நம்ம சைட்டு, எது வெளி சைட்டுன்னு ஜனங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"அதெல்லாம் தெரியும், வுடு."

அட்மிஷன் சமயத்தில் கல்லூரி முதல்வர் என்னை வரச் சொன்னார். அவர் அறையில் பெண்ணாடத்திலிருந்து வந்த ஒரு அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். எங்கள் சைட்டில் இருந்த லிங்க் ஒன்றை அமுக்கி, ஏதோ தனியார் சைட்டின் விண்ணப்பத்தைக் கல்லூரியுடையது என்று நம்பி நிரப்பியிருக்கிறாள் அந்தப் பெண். கல்லூரிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கடைசித் தேதியும் போய்விட்டது.

"ரெண்டும் ஒரே மாரிதான் இருந்துச்சு மேடம்" என்றாள்.

முதல்வர் என் பக்கம் திரும்பினார். "சைட்டுல தப்பு இருந்தா சொல்லுங்க. ஒரு சீட்டு இருக்கு, இந்தப் பொண்ணுக்கே குடுத்துடறேன்."

"இல்ல மேடம். இவங்கதான் சரியாப் பாக்கல."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "படிச்ச பொண்ணுதானே நீ? பாத்து அமுக்க மாட்ட?" என்று அங்கேயே மகளைத் திட்டினார். பிறகு என்னைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், ஒங்களயும் அலைய வுட்டுட்டோம்" என்றார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

மறுநாள் என்னோடு வேலை பார்த்தவளிடம் இதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இப்பவே மேடத்துக்குப் போன் பண்ணி உண்மையச் சொல்லு" என்றாள். சொன்னேன். அந்த சீட்டு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டிருந்தது. "நேத்து கேட்டேனே, ஏன் சொல்லல?" என்றார் முதல்வர். அம்புக்குறிகளைத் திரும்ப வைத்தேன். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன்.

மகள்தான் எடுத்தாள். தப்பு என்னுடையது என்றேன்.

"இத அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாரு."

"குடும்மா" என்றேன்.

"யாருங்க?" என்று அவர் குரல் கேட்டது. போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவே இல்லை.