குறையில் நின்ற மணி

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. என் பெயர் ஜஸ்ரின், பிறந்த ஊர் தாழ்வுபாடு. எங்கள் கடற்கரையில் பேய்க்கதை சொல்லாத ஆள் கிடையாது. அதையெல்லாம் பகிடியாகக் கேட்டே வளர்ந்தவன் நான். 2011 ஓகஸ்ட் மாதத்தோடு அந்தப் பகிடி போய்விட்டது.

அப்போது மன்னார் நகரில் ஒரு வாசிகசாலையில் வேலை. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்துப் பழைய படங்கள், பாட்டுகள், கதைகளையெல்லாம் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க நினைத்தோம். என் பங்குக்கு வந்தவை சத்தங்கள். பள்ளிவாசல் பாங்கு, தெருவில் கழுதை கத்துவது, பாலத்துக் காற்று எல்லாம் பதிந்தாகிவிட்டது. கிறிஸ்தவக் கோவில் மணிதான் பாக்கி. விடத்தல்தீவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், கயிறு இழுத்து அடிக்கும் பழைய மணி ஒன்று சண்டைக்குத் தப்பியிருந்தது. மோட்டார் சைக்கிளில் போனேன்.

மணிக்குப் பொறுப்பு அருட்பிரகாசம் அண்ணை.

"பூசை மணி, செபத்துக்கு அடிக்கிற திருந்தாதி மணி ரெண்டையும் அடிச்சுப் பதியுங்கோ. துக்க மணியில மட்டும் கை வைச்சிடாதேங்கோ."

"ஏன் அண்ணை?"

அவர் எதிரே இருந்த ஒரு தகரக் கொட்டிலைக் காட்டினார். மேரி ரோஸ் அக்காவின் வீடு. 2007இல் ஊரே இடம்பெயர்ந்த அன்று, படகுக்கு மண்ணெண்ணெய் எடுத்து வாறன் என்று திரும்பி ஓடிய அவருடைய மகன் ஜெனோஜன், பிறகு வரவே இல்லை. அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்து மணி அடிப்போமா என்று பங்குச் சுவாமியார் இரண்டு தரம் கேட்டுவிட்டார். 'உடம்பைக் காட்டுங்கோ, அடிக்க விடுறன்' என்பதுதான் அக்காவின் பதில். பின்னேரம் ஆனால் மகனுக்கும் சோறு போட்டு மூடி வைப்பாராம். அந்த ஊரில் சனம் திரும்பி வந்ததிலிருந்து துக்க மணி கேட்டதே இல்லை.

சொல்லிவிட்டு அண்ணை சைக்கிளில் கடைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கேடுகாலம். மூன்று மணியும் இல்லாமல் என்ன கண்காட்சி? மெல்ல நாலு அடி அடித்தால் யாருக்குக் கேட்கப் போகிறது? தன் கெட்டித்தனத்தை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன்.

மணி கோவிலின் பின்பக்கம், பின்கதவுப் படிக்குப் பக்கத்தில். பதியும் கருவியை ஜன்னல் கட்டையில் வைத்தேன். நேரம் 7.10. இருட்டிவிட்டது.

டாங்...

துக்க மணி விட்டு விட்டுத்தான் அடிக்கும். எங்கள் பக்கத்தில் அது கேட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுச் சனம் கோவிலுக்கு ஓடி வரும். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். 'ஆர் மோசம்?' செத்தது யார் என்று அர்த்தம்.

டாங்...

நாலாவது அடியோடு கயிற்றை விட்டேன்.

சலக்... சலக்...

எனக்குப் பின்னால். தகரக் கானுக்குள் எண்ணெய் ஆடுகிற சத்தம்.

இருட்டுக்குள் ஒரு பெடியன் நின்றான். இருபது வயது இருக்கும். சாரம் கட்டியிருந்தான். ஒரு காலில் செருப்பு. மற்றது வெறுங்கால். கையில் எண்ணெய்க் கான்.

"ஆர் மோசம்?"

"ஒருத்தரும் இல்லை, தம்பி. கண்காட்சிக்குப் பதியிறன்."

"எங்கட அம்மா இல்லையே?"

"அம்மான்ர பேர்?"

"மேரி ரோஸ்."

உடம்பெல்லாம் புல்லரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தில் இல்லை. சந்தோசத்தில்.

"ஜெனோஜனோ? அம்மா சுகமா வீட்டில இருக்கிறா. உங்களுக்குச் சோறு போட்டு வைச்சிருக்கிறா. வாங்கோ."

அவன் அசையவில்லை. சலக் சத்தம் ஓய்ந்தது.

"அப்ப ஆருக்கு அடிச்சனீங்கள்?"

ஜன்னல் கட்டையிலிருந்த கருவியைக் காட்டினேன்.

"மணி குறையில நிக்குது. அடிச்சு முடியுங்கோ."

கயிற்றைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம்தான்.

திரும்பினால்... ஆள் இல்லை.

முன்பக்கத்தில் ஓடி வரும் காலடி. டோர்ச் வெளிச்சம்.

"ஆர் மோசம்?"

மேரி ரோஸ் அக்கா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, மகன் வந்திட்டார். இப்பத்தான் இதில நிண்டவர்..."

நான் சொல்லி முடிக்கவில்லை. "மகன்... மகன்..." என்று இருட்டுக்குள் ஓடினார். டோர்ச் வெளிச்சம் முன்னால் விழுந்தது.

சிவப்புக் கட்டைகள்.

மண்டையோட்டுப் பலகை.

பகலில் பார்த்ததுதான், மறந்துவிட்டேன். கண்ணிவெடி எடுக்காத காணி. பின்பக்கம் முழுக்க அதுதான். வேறு பாதை இல்லை.

அவன் அதற்குள்ளிருந்துதான் வந்தான்.

அக்காவை இடுப்போடு பிடித்து இழுத்தேன். கையைக் கடித்தார். நான் விடவில்லை.

அன்றிரவு வீட்டில் பதிவைப் போட்டேன். மணிக்குப் பிறகு, அவனோடு பேசிய இடத்தில் என் குரல் மட்டும்தான் இருந்தது. அவன் கேட்டது ஒன்றும் இல்லை. ஆனால் சலக்... சலக்... இருந்தது. பிறகு, கல்லில் எதையோ வைப்பதுபோல, ஒரு 'டொக்'.

நாலு மாதம் கழித்து அந்தக் காணியில் வெடி அகற்ற வந்தார்கள். பற்றைக்குள் எலும்புகள் கிடைத்தன. ஒரு செருப்பு. விரல் எலும்புகளுக்குள் ஒரு வளைந்த கம்பி, கானின் பிடி. கான் மட்டும் எங்கேயும் இல்லை. செய்தி கேட்டு நானும் போயிருந்தேன்.

அருட்பிரகாசம் அண்ணை அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோவில் குசினிக்குப் பின்னால் போய்த் துருப்பிடித்த கான் ஒன்றைக் கொண்டு வந்தார். உடம்பெல்லாம் ஓட்டை. பிடி இல்லை.

"நீங்கள் பதிஞ்ச அடுத்த நாள் விடிய இது பின்படியில கிடந்தது. பெடியள் எறிஞ்சதெண்டு நினைச்சன்."

கம்பி அதன் இரண்டு காதிலும் சரியாகப் போய் மாட்டியது. அந்த ஓட்டைக் கானில் எண்ணெய் எப்படி ஆடியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மேரி ரோஸ் அக்கா அழவில்லை. பதிவைப் போடச் சொன்னார். கருவியைக் காதோடு வைத்துக் கேட்டார். 'டொக்' வந்ததும் கண்ணை மூடினார்.

"வைச்சிட்டான். இவ்வளவு நாளும் தூக்கிக்கொண்டு நிண்டவன். நான் இருக்கிறன் எண்டு கேட்டவுடன வைச்சிட்டான்."

பிறகு கயிற்றைக் காட்டினார்.

"தம்பி, நீங்கள் தொடங்கினது. நீங்களே முடியுங்கோ."

அடித்தேன். விட்டு விட்டு, கடைசி அடிவரை அடித்தேன். ஊர் முழுக்க வந்து நின்றது. 'ஆர் மோசம்?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

பின்பக்கத்திலிருந்தும் கேட்கவில்லை.